பட்டினி கிடந்த விருந்தாளி

டீக்காராம் ரிஜாலைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். நேபாளத்தில், பொக்ராவின் எங்கள் ஏரிக்கரைத் தெருவில் அவருக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. மொட்டை மாடியிலிருந்து ஏரி தெரியும் என்று வாசல் பலகையில் எழுதியிருப்பார். பக்கத்து மனையில் லட்சுமண் பராஜுலி ஒரு மாடி உயர்த்தி லாட்ஜ் கட்டும்வரை தெரிந்தது. அதற்குப் பிறகு டீக்காராம் பலகையையும் மாற்றவில்லை, பராஜுலியோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. தினமும் காலையில் இருவரும் அவரவர் வாசலில் நின்று ஒருவரையொருவர் "அண்ணே" என்று கூப்பிட்டு நலம் விசாரித்துக்கொள்வார்கள். அதைவிடச் சுத்தமான பகையை எங்கள் தெரு பார்த்ததில்லை.

லாட்ஜ் டீக்காராமின் பிழைப்பு. அவருடைய பெருமை வேறொன்று. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்தாலும் ஒரு வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் போவார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. தெருவில் அவர்கள் போனால் நாய்கூடத் தலை தூக்கிப் பார்க்காது. அதே ஆளின் தலையில் எங்கள் ஊர் டாக்கா துணித் தொப்பியை வைத்துக் கல்யாணப் பந்தலில் உட்காரவைத்தால் பந்தலே நிமிர்ந்து உட்காரும். காலையில் அவரிடம் சால்வை விற்கப் பார்த்தவன் மாலையில் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தவிப்பான். மனிதர் மாறவில்லை, இடம்தான் மாறியது என்பதை யாரும் யோசிப்பதில்லை. டீக்காராம் மட்டும் யோசித்தார். ஊரில் வேறு எதையும் யோசிக்காதவர் இதை யோசித்ததுதான் ஆச்சரியம்.

விருந்தாளிகளை அவர் தரம் பிரித்தும் வைத்திருந்தார். உயரமாக இருப்பது நல்லது. தாடி ஆகாது. பெண்களில் சற்று வயதானவர்கள் உத்தமம். தாரை வார்ப்பதற்கும் அழுவார்கள், பிரிவுக்கும் அழுவார்கள். ஒருமுறை அவசரத்துக்கு யாரும் கிடைக்காமல் ஒரு கொரியத் தம்பதியைக் கூட்டிப் போய்விட்டார். கல்யாண வீட்டுக் கிழவர் ஒருவர் அவர்களை உற்றுப் பார்த்துவிட்டு, "இவங்க நம்ம மேலத்தெரு குருங் வீட்டு ஆளுங்க மாதிரி இருக்காங்களேய்யா. இதுக்கா அறிமுகம் பண்ண எழுந்து நின்ன?" என்று கேட்டார். டீக்காராம் ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை.

இன்னொரு முறை பாக்லுங் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ஒரு பிரெஞ்சுக்காரரைக் கூட்டிப் போனார். அந்த மனிதர் வைத்ததையெல்லாம் தின்றார், ஊற்றியதையெல்லாம் குடித்தார், கன்னிகாதானம் நடந்துகொண்டிருக்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேளக்காரர்களைத் தாண்டிச் சோளக்காட்டுக்குள் ஓடினார். இன்றும் அந்தக் கல்யாணத்துக்கு வெள்ளைக்காரன் ஓடிய கல்யாணம் என்றுதான் பெயர். மாப்பிள்ளை பெயர் யாருக்கும் நினைவில்லை.

அப்படிப்பட்டவர் தன் சொந்த மகன் பிரஜ்வலுக்குக் கல்யாணம் செய்ய முற்பட்டார். பெண், வாலிங்குக்கு மேலே மலையில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் ஹரிலால் லாமிச்சானேயின் மகள் கோபிலா. பரத்பூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. பிரஜ்வலிடம் அவள் என்ன கண்டாள் என்பது எங்களுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மோமோ தின்பதற்கு அல்லாமல் அவன் வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் கண்டாள், அவளாகவே கண்டாள்.

நிச்சயத்தன்று ஹரிலால் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சம்பந்தி, வேற எதுவும் வேணாம். பொண்ணு அந்த ஒரு வருஷத்த முடிச்சிடட்டும்."

"பாக்கலாம் சம்பந்தி, பாக்கலாம்" என்றார் டீக்காராம்.

எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் மாட்டேன் என்று பொருள். அது ஹரிலாலுக்கும் தெரியும். போன் செய்து மறுபடி கேட்டார், நேரில் வந்து கேட்டார், கோபிலா பிரஜ்வல் மூலம் கேட்டாள். பிரஜ்வல் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்வான், அப்பா முன்னால் போய் நிற்பான், மின்விசிறியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். டீக்காராமின் கணக்கு எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். லாட்ஜ் சமையற்காரரிடம் கல்யாணத்துக்குப் பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியாகிவிட்டது. இங்கிலீஷ் தெரிந்த மருமகள் அடுப்படியில் நின்றால் விருந்தினர்களுக்கும் வசதி, செலவும் மிச்சம். "படிச்ச பொண்ணுதான் வேணும்னு தேடிப் பிடிச்சேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததும் இதே மனிதர்தான். படித்த பெண் வேண்டும். படிக்கிற பெண் வேண்டாம்.

மகன் கல்யாணத்துக்கான வெள்ளைக்காரரை அவர் மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுத்தார். அந்த மழைக்காலம் முடிந்ததும் வந்து லாட்ஜில் தங்கியிருந்த டென்மார்க்காரர் மோர்ட்டன். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் கதவுகள் ஒவ்வொன்றிலும் ஒருமுறையாவது நெற்றியை மோதிக்கொள்ளும் உயரம். தாடி இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்கத் தன் ஊரில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்தே நேபாளி கற்றுக்கொண்டு வந்திருந்தார். புத்தகம் பழையது போலிருக்கிறது. தெருநாயைக்கூட "தாங்கள் சற்று விலகுங்கள்" என்பார். எல்லாவற்றையும்விட டீக்காராமுக்குப் பிடித்தது அவருடைய கீழ்ப்படிதல். சாலையில் ஒரு வண்டியும் இல்லாவிட்டாலும் சிக்னலில் சிவப்பு எரிந்தால் நிற்பார். ஆடு மேய்ப்பவர்கள் அவரைக் கடந்து போவார்கள். அவர் நிற்பார்.

"சொன்னதக் கேக்கற வெள்ளைக்காரன் கெடைக்கறது ரொம்ப அபூர்வம்" என்று டீக்காராம் எங்களிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மார்கழி தொடங்கும் முன்பே முகூர்த்தம். விடியற்காலையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான பஸ் புறப்பட்டது. டீக்காராமின் மனைவி வழக்கப்படி மற்றப் பெண்களோடு வீட்டில் தங்கிவிட்டார். ஆண்கள் போன பிறகு அங்கே பெண்கள் ஆடுகிற ஆட்டத்துக்கும் பாடுகிற பாட்டுக்கும் நாங்கள் இல்லாமலிருப்பதே மரியாதை. பஸ்ஸில் முன் இருக்கையில் மாப்பிள்ளை இல்லை, மோர்ட்டன். அவருக்குத் தைத்த தௌரா சுருவாலில் சட்டை சேர்ந்தது, கால்சட்டை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. ஏறும்போதே டீக்காராம் அவர் காதருகே குனிந்து, இல்லை, எம்பி, கண்டிப்பாகச் சொன்னார்:

"மோர்ட்டன் சர், நான் சொல்றவரைக்கும் அங்க எதையும் வாயில வைக்கக் கூடாது. சோறு கூடாது, டீ கூடாது, தண்ணிகூடக் கூடாது. மலைத் தண்ணி உங்களுக்கு ஒத்துக்காது. புரியுதா?"

"புரிகிறது, திரு. ரிஜால் அவர்களே. தாங்கள் அனுமதிக்கும்வரை நான் எதையும் உட்கொள்ள மாட்டேன்."

"அதான். நான் பாத்துச் சொல்றேன்."

பிறகு டீக்காராம் அதை மறந்துபோனார். பெருமையில் மிதக்கிறவனுக்குப் பிறர் வயிறு நினைவிருக்காது.

வாலிங்கில் இறங்கி ஏற்றத்தில் நடந்தோம். முன்னால் மேளமும் சனாய்க் குழலும் வளைந்த கொம்பும். அதற்குப் பின்னால் மோர்ட்டன். அவருக்குப் பின்னால்தான் அறுகம்புல் மாலை போட்ட பிரஜ்வல். அப்பாவின் ஏற்பாடு அது. பெண் வீட்டு மாடியில் குவிந்திருந்த பெண்களுக்குக் கேட்கவா வேண்டும்.

"ஏண்டி, மாப்பிள யாரு? அந்த நீளமா வர்றதா?"

"ச்சே, அது பந்தக்காலு. மறந்துட்டோம்னு கையோட கொண்டாராங்க."

"அப்ப பின்னாடி குட்டையா வர்றது?"

"பந்தக்காலுக்கு முட்டுக் குடுக்கற கல்லு. அதான் மாப்பிள."

பிரஜ்வல் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது கோபிலா கண்டது இதுவாக இருக்கலாமோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் அவன் செருப்புத் தடுக்கி விழப் போனான்.

வாசலில் ஹரிலால் ஒவ்வொருவர் நெற்றியிலும் தயிரரிசித் திலகம் வைத்தார். மோர்ட்டனுக்கு வைக்க ஒரு முக்காலி கொண்டுவர வேண்டியிருந்தது. டீக்காராம் கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இவரு நம்ம வீட்டு ஆளு. டென்மார்க். அங்க பெரிய அதிகாரி."

"நான் கடிதங்களைப் பிரித்து அடுக்கினேன்" என்றார் மோர்ட்டன்.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றார் டீக்காராம்.

ஊர்வலத்தார் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஆட்டுக்கறி, ஸேல் ரொட்டி, தக்காளித் துவையல். நாங்கள் மாப்பிள்ளை வீட்டார். அன்றைக்கு எங்கள் வாய்க்கு மட்டுமே வேலை, கைக்குக்கூட அவ்வளவு இல்லை, ஊட்டிவிடாத குறை. டீக்காராம் நடுவில் உட்கார்ந்து, எலும்பை உறிஞ்சிக்கொண்டே, தன் வெள்ளைக்காரர் சிக்னலில் நிற்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் எங்கே என்று அவரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

மோர்ட்டன் அடுக்களைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்தவள் ஹரிலாலின் அக்கா தில்குமாரி. அந்த வீட்டில் எல்லாரும் பயப்படுகிற ஒரே ஆள் அவள்தான். அவளும் யாருக்கும் ஒரு கெடுதல் செய்ததில்லை, வாயால் செய்ததைத் தவிர.

"ஏன் நிக்கறீங்க? உக்காந்து சாப்டுங்க."

"நன்றி அம்மா. நான் உட்கொள்ளக் கூடாது."

"ஏன், வயிறு சரியில்லையா?"

"வயிறு நலமாக உள்ளது. தங்கள் வீட்டில் நீர்கூட அருந்தக் கூடாதென்று திரு. ரிஜால் அவர்கள் பணித்திருக்கிறார்கள்."

தில்குமாரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க வீட்டுலயா? ஏனாம்?"

"தங்கள் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாதாம்."

"காலையிலேருந்து ஒண்ணுமே சாப்புடலையா?"

"இல்லை அம்மா. எனக்கு மிகவும் பசிக்கிறது."

அவள் திரும்பி, பந்தி நடுவில் எலும்போடு உட்கார்ந்திருந்த டீக்காராமைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டேன். "எங்க வீட்டுத் தண்ணி ஆவாதாம். எங்க பொண்ணு மட்டும் ஆவுமாம்" என்று தனக்குள் முணுமுணுத்தாள். பிறகு மோர்ட்டனின் கையைப் பிடித்து மணப்பந்தலின் வடக்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஹரிலாலும் அவர் மனைவியும், சித்தப்பன் மாமன்மார்களும் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகமும் வாடியிருந்தது. பெண்ணின் காலைக் கழுவித் தாரை வார்ப்பவர்கள் காலையிலிருந்து பட்டினி கிடக்க வேண்டும். பட்டினி கிடந்து கால் கழுவினவர்கள் பெண்ணைக் கொடுத்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் அதைக் கனவிலும் செய்ய மாட்டார்கள். செய்தால் அப்புறம் அவர்கள் மாப்பிள்ளை வீட்டார் இல்லை.

தில்குமாரி புரோகிதரிடம் கேட்டாள்.

"சாமி, இவரு காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்காம விரதம் இருக்காரு. நம்ம கோபிலா காலக் கழுவலாமில்ல?"

மாமன் ஒருவர் பாயிலிருந்து எழுந்துவிட்டார். "அக்கா, என்ன பேசறே? மாட்டுக்கறி திங்கற சாதி!"

"இன்னிக்குத் தின்னலையே" என்றார் புரோகிதர். அவரும் காலையிலிருந்து சாப்பிடவில்லை. வாதத்துக்கு அவரிடம் தெம்பில்லை. "கோத்திரம் என்ன?"

"டென்மார்க்" என்றாள் தில்குமாரி.

"கோத்திரம் தெரியாதவங்க எல்லாரும் காசியப கோத்திரம். உக்காரச் சொல்லு."

தில்குமாரியிடம் ஒரு நேர்மை இருந்தது. பழிவாங்கும்போதுகூட அதை விடவில்லை. மோர்ட்டனை உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்:

"இங்க பாருங்க. இந்த வரிசையில வந்து பொண்ணு காலக் கழுவிட்டா, நீங்க பொண்ணக் குடுத்தவரு. அப்பா மாதிரி. அந்தப் பக்கத்து விருந்தாளி இல்ல. திரும்பி அங்க போக முடியாது. சம்மதம்னா உக்காருங்க, இல்லைன்னா நான் சோறு போடறேன், சாப்டுட்டுப் போங்க."

மோர்ட்டன் வெகுநேரம் யோசித்தார். யோசிக்கும்போது சோற்றுப் பானையையும் ஒருமுறை பார்த்தார்.

"அப்பாவின் கடமைகள் யாவை?"

"பொண்ணு கண்ணு கலங்காம பாத்துக்கணும். அவளுக்கு என்ன வேணும்னு கேக்கணும். மாப்பிள வீட்டு ஆளுங்களுக்கு முதல்ல நீங்கதான் கும்பிடணும். அவ்வளவுதான்."

"எனக்கு மகள் இல்லை. முயற்சி செய்கிறேன்" என்றார் மோர்ட்டன்.

கோபிலாவும் பிரஜ்வலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஹரிலாலும் மனைவியும் இருவர் கால்களையும் கழுவி முடித்தார்கள். அடுத்தடுத்து வரிசை நகர்ந்தது. மோர்ட்டன் முறை வந்தபோது அவர் முட்டி, இடுப்பு, முதுகு என்று தவணை முறையில் மடிந்து தரையை அடைந்தார். செம்பு வட்டிலில் பால் கலந்த தண்ணீரில் பெண்ணின் கால்களை, ஏதோ உடையக்கூடிய பார்சலைப் போல, மெதுவாகக் கழுவினார். கூட்டம் அடங்கியது. பாடிக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். வரிசையில் மற்றவர்கள் இரண்டு நொடியில் எழுந்து போனார்கள், இவர் எழவில்லை. கடமையில் ஒன்று பாக்கியிருந்தது.

"மகளே, தங்களுக்கு என்ன வேண்டும்?"

கல்யாணப் பெண்ணிடம் அந்தப் பந்தலில் யாரும் எதையும் கேட்பதில்லை. கோபிலா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"படிப்ப முடிக்கணும். பரத்பூர்ல இன்னும் ஒரு வருஷம் இருக்கு."

பிரஜ்வல் தன் ஈரக்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வருடம்" என்றார் மோர்ட்டன். "சரி."

திடீரென்று பாட்டு நின்றதுதான் டீக்காராமின் காதை எட்டியது. யாரோ ஓடிவந்து சொன்னார்கள். பந்தியிலிருந்து பாய்ந்தார். பந்தல் ஓரம்வரை வந்துவிட்டார். வலது கை முழுக்க ஆட்டுக்கறிக் குழம்பு.

"மோர்ட்டன் சர்! எழுந்திரிங்க! என்ன காரியம் பண்றீங்க?"

"அங்கயே நில்லுங்க" என்றார் புரோகிதர், பொரிந்துகொண்டே. "எச்சில் கையோட பந்தலுக்குள்ள கால் வைக்காதீங்க!"

டீக்காராம் கையைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி முற்றத்தின் அந்தக் கோடியில். ஓடினார். அவர் கை கழுவி, துடைக்க மறந்து, சொட்டச் சொட்டத் திரும்பியபோது மோர்ட்டன் எழுந்து நின்று, கால் கழுவிய தண்ணீரில் ஒரு துளியைத் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார். வழக்கம் தெரியாத வெள்ளைக்காரர். வழக்கத்தில் ஒன்றையும் விடவில்லை.

"இது செல்லாது! அவரு எங்க ஆளு! நான் கூட்டிட்டு வந்த ஆளு!" என்று கத்தினார் டீக்காராம்.

"கழுவின காலத் திரும்ப எப்பிடிச் சம்பந்தி அழுக்காக்கறது?" என்றாள் தில்குமாரி. "நீங்களே பட்டினி போட்டு அனுப்பிச்சீங்க. எங்க பொண்ணு மேல உங்களுக்கு இவ்வளவு மனசுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது."

பந்தல் குலுங்கிச் சிரித்தது. எங்கள் பந்தியும் சிரித்தது. எங்களுக்கு நன்றி என்பது எப்போதுமே சாப்பாட்டு இலையோடு முடிந்துவிடும்.

மாலையில் கோபிலாவை அனுப்பிவைத்தார்கள். அம்மா அழுதாள், ஹரிலால் அழுதார், தில்குமாரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். கோபிலா அழவில்லை. அந்தப் பஸ்ஸில் அழுதது டீக்காராம் ஒருவர்தான். முன் இருக்கை காலியாக வந்தது. பெண் வீட்டார் அன்றிரவு மோர்ட்டனுக்குப் போட்ட சோறு பற்றி வாலிங் பக்கம் இன்னும் பேசுகிறார்கள். எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொக்ராவில் ஒரு பார்ட்டி பேலஸ் மண்டபத்தில் எங்கள் பக்கத்து விருந்து. மேடையில் மணமக்கள். மேடைக்கு எதிரே பெரிய சோபாவில் டீக்காராம். பக்கத்தில் ஓர் இடம் காலி. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. எப்படியும் தன் வெள்ளைக்காரர் தன்னிடம் வந்துவிடுவார் என்று நம்பினார். பராஜுலி குடும்பத்தோடு இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்து, அந்தக் காலி இடத்தையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் வீட்டார் பஸ் வந்தது. தயிர்க் கலயங்கள், பழக் கூடைகள். கதவில் நெற்றி மோதும் சத்தம் கேட்டதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மோர்ட்டன் தோளில் ஒரு மரத் தயிர்க் கலயத்தோடு, ஹரிலாலுக்குப் பின்னால், வரிசையில் வந்தார். நேராக டீக்காராமிடம் போய்க் கலயத்தை இறக்கினார். பெண் கொடுத்தவர்கள்தான் முதலில் கும்பிட வேண்டும் என்று தில்குமாரி சொல்லியிருந்தாள். எவ்வளவு குனிய வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டாள். மோர்ட்டன் முழுக்கக் குனிந்தார். அவர் தொப்பி டீக்காராமின் செருப்பைத் தொட்டது.

ஒரு வெள்ளைக்காரர் பொதுச் சபையில் தன் காலடியில் குனிவதை எத்தனை பேர் கனவு காண்பார்கள். டீக்காராமின் முகம் வெளிறியது.

"எழுந்திரிங்க சர், எழுந்திரிங்க! எல்லாரும் பாக்கறாங்க!"

எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்தவர் இதைச் சொன்னார். சோபாவில் தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். மோர்ட்டன் மறுத்துவிட்டார்.

"நான் பெண்ணைக் கொடுத்தவன். தங்களுக்குச் சமமாக அமர்வது முறையன்று."

"என்ன அண்ணே" என்றார் பராஜுலி பின்னாலிருந்து, அன்பாக. "உங்க விருந்தாளி உங்க பக்கத்துல உக்கார மாட்டேங்கறாரு? லாட்ஜுல மூட்டப்பூச்சியா?"

டீக்காராம் திரும்பிப் பார்ப்பதற்குள் மோர்ட்டன் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

"திரு. ரிஜால் அவர்களே, கோபிலாவின் கல்லூரி திங்கட்கிழமை திறக்கிறது. நான் அவளைப் பேருந்தில் ஏற்ற வேண்டும். தங்கள் விடை வேண்டும்."

"பாக்கலாம் சர், பாக்கலாம். மொதல்ல சாப்டுங்க."

"தங்கள் விடைக்குப் பிறகு உண்கிறேன்."

சொல்லிவிட்டு நின்றார். சும்மா நின்றார். ஆளில்லாத சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்பாரே, அதே மாதிரி, கோபமில்லாமல், அவசரமில்லாமல். அவருக்குப் பின்னால் மணமக்களுக்குப் பரிசோடு வந்த வரிசை நின்றது. அதற்குப் பின்னால் வாசலில் செருப்புக் கழற்றுகிறவர்கள் நின்றார்கள். தட்டோடு போனவர்கள் நின்றார்கள். பாட்டுப் பெட்டியை யாரோ தணித்தார்கள். ஹரிலால் தரையைப் பார்த்துக்கொண்டு கை பிசைந்தார். இதே கேள்வியை எத்தனை முறை கேட்டு எத்தனை முறை 'பாக்கலாம்' வாங்கியவர் அவர்.

மேடையில் கோபிலா மாமனாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஜ்வல் எழுந்தான். மின்விசிறியைப் பார்த்தான். பிறகு, வரலாற்றிலேயே முதல் முறையாக, வாய் திறந்தான்.

"அப்பா, அனுப்புங்கப்பா."

"நீ உக்காருடா!"

உட்கார்ந்துவிட்டான். ஆனாலும் சொல்லிவிட்டான்; அதை மறுப்பதற்கில்லை.

பராஜுலிக்கு இதைவிட நல்ல நாள் வாய்த்திருக்காது. பரிவு சொட்டும் குரலில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "ஏண்ணே, படிச்சிட்டு இருக்கற பொண்ண அடுப்புக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா? வெளிநாட்டுக்காரரு முன்னாடி நம்ம தெருவு மானம் என்ன ஆவுறது?"

டீக்காராம் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"யாரு சொன்னது? எவன் சொன்னது? எங்க வீட்டு மருமக! திங்கக்கிழமை என்ன, நாளைக்கே போவா! நான் ஏற்கெனவே முடிவு பண்ணினதுதானே! ஒரு வருஷம் என்ன, அதுக்கு மேலயும் படிக்கட்டும்!"

"நன்றி" என்றார் மோர்ட்டன். "இப்போது நான் உண்ணலாமா?"

ஒரு தகப்பன் மாதக்கணக்கில் கெஞ்சிக் கிடைக்காததை, ஒரு பெண் வாய்விட்டுக் கேட்டுக் கிடைக்காததை, ஓர் அந்நியர் சும்மா நின்றே வாங்கிவிட்டார். இதற்காக மோர்ட்டனை மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கதவுகளில் மோதிக்கொண்டதைப் போலத்தான் இதிலும் மோதினார். இந்தக் கதவு தாழிட்டிருக்கிறதா என்று நாங்கள் யாரும் தள்ளிப் பார்த்ததில்லை. அந்த மண்டபத்தில் டீக்காராமை நன்றாகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. வாய் வேறு வேலையில் இருந்தது.

திங்கட்கிழமை பஸ் நிலையத்துக்கு எல்லாரும் போனார்கள். கோபிலாவின் பெட்டியை டீக்காராமே தூக்கிக்கொண்டு வந்தார், யாரையும் தொடவிடவில்லை. டிக்கெட் கொடுப்பவரிடம், மக்காச்சோளம் விற்பவளிடம், முன் பின் தெரியாத பயணிகளிடம் எல்லாம் நின்று நின்று சொன்னார்: "மருமக. நர்சிங். கல்யாணத்தோட நிறுத்திடுவாங்களே மத்தவங்க, நம்ம வீட்டுல அப்பிடியில்ல." மோர்ட்டன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு முறையும் ஆமோதித்துத் தலையாட்டினார். அவருக்குப் பெண்ணை ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். புகழ் யாருக்குப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. அடுத்த வாரமே ஊருக்குப் போய்விட்டார்.

பத்து நாளில் எங்கள் தெருவில் கதை முற்றிலும் மாறிவிட்டது. மருமகளைப் படிக்கவைக்க வேண்டும் என்று டீக்காராம்தான் முதலிலேயே நினைத்தாராம். பெண் வீட்டார் தயங்கினார்களாம். அவர்களை இணங்கவைக்க டென்மார்க்காரரைப் பட்டினி போட்டு அனுப்பியதும் அவர்தானாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கல்யாணத்தில் இருந்தவர்கள். யாரும் மறுக்கவில்லை.

தில்குமாரிக்கு மட்டும் பொறுக்கவில்லை. குளிர்கால விடுமுறைக்கு வந்த கோபிலாவிடம் போனில் பொரிந்து தள்ளினாள். கோபிலா லாட்ஜ் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசியது கீழே தெருவரை கேட்டது.

"விடு அத்தே. சொல்லிக்கட்டும். நானே எங்க மாமனாருகிட்ட, பராஜுலி காதுல படற மாதிரி, 'நீங்க இல்லைன்னா நான் படிச்சிருக்க முடியுமா மாமா'ன்னு தினம் ஒரு வாட்டி சொல்றேன். ஊரெல்லாம் சொல்லிட்டாரு இல்ல, இனிமே நடுவுல நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வருமா? ... இல்ல, அவன் நல்லாத்தான் இருக்கான். டீ போடக் கத்துக்கிட்டான். ... சுமாராத்தான் இருக்கு."

விடுமுறை முடிந்து அவள் மறுபடி பரத்பூர் பஸ் ஏறினாள். டீக்காராம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார், வழியில் எதிர்ப்படுகிறவர்களை நிறுத்தி நிறுத்தி.